கியரில் நிறுத்திய வண்டி

மாப்பிள்ளை, இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். அந்தப் பழைய வண்டியை நீங்கள் ஓசூருக்கு ஓட்டி வந்த அன்றே, "கையில் கிளட்ச் இல்லாத வண்டி குடும்பத்துக்கு ஆகாது" என்றேன். நீங்கள் கேட்டால்தானே! "காலால கியர் போட்டாப் போதும் மச்சான், கைக்கு வேலையே இல்ல" என்று என் தங்கையைப் பின்னால் உட்காரவைத்து, கெலவரப்பள்ளி அணை வரைக்கும் ஓட்டிக் காட்டினீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அது என்னிடம் வந்துவிட்டது. நேற்று கெலமங்கலம் சந்தைச் சரிவில் எஞ்சினை அணைத்து, முதல் கியர் போட்டு நிறுத்தினேன். இறங்கித் திரும்புவதற்குள் வண்டி மெல்ல முன்னே உருண்டு, ஸ்டாண்டு மடங்கி, தக்காளிக் கூடைமேல் சாய்ந்துவிட்டது. நசுங்கின தக்காளியும் பெட்ரோலும் கலந்து ஒரே வாடை.

"ஏன்யா, கியர்ல போட்டு நிறுத்தத் தெரியாதா?" என்று கத்தினாள் தக்காளிக்காரம்மா.

"கியர்லதாம்மா நிறுத்துனேன்!"

"கியர்ல இருக்கற வண்டி தானா நடந்து வந்துச்சாக்கும்? வேற யாருகிட்டயாச்சும் சொல்லு இந்தக் கதைய."

"கியர்லதான் நிறுத்துனேன்" என்று அன்று கம்பெனியில் நீங்கள் சொன்னதும் இதே வார்த்தைதான்.

மெக்கானிக்குக்கு நான்தான் எல்லாம் விளக்கினேன். சரி, முதலில் அவன் சொன்னான், பிறகு நான் சொன்னேன். இந்த வண்டியில் எஞ்சின் சுற்றினால்தான் கிளட்ச் விரிந்து பிடிக்குமாம். எஞ்சின் நின்றால் பிடி விட்டுப்போகும். எந்தக் கியரில் இருந்தாலும் சக்கரம் சும்மா உருளும்.

நாம் இருவரும் வேலை பார்த்ததோ கியர் வெட்டுகிற கம்பெனி! மேனேஜரின் புதுக் காரில் உங்கள் வண்டி போய்ச் சாய்ந்தபோது, பெரிய ஆள் என்று என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கியர்ல இருந்தா சக்கரம் அசையாது சார். எத்தன ஆயிரம் கியர் வெட்டுன கை இது!" என்றேன். "மச்சான், ஒரு தடவ தள்ளிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். வண்டி அங்கேயேதான் நின்றது. நான் நகரவில்லை. பொய் சொல்கிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்று உங்களை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறை, தூசி, இருமல். நான் வீட்டுக்கு வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். ஆனாலும் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்களே போன் செய்தீர்கள். "விடுங்க மச்சான், வண்டி அப்பிடி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றீர்கள்.

நேற்று சாயந்திரம் தங்கையிடம் சந்தையில் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அவரு சொன்னது நெசந்தானாண்ணா?"

"நெசந்தாம்மா."

"அன்னைக்கே தள்ளிப் பாத்திருந்தா என்ன, கை தேஞ்சா போயிருக்கும்?"

பிறகு அவளே கேட்டாள்: "போன்ல அவரு என்னதான் சொன்னாரு? இன்னொரு வாட்டி சொல்லு." சொன்னேன். இந்தமுறை நடுவில் ஓர் இருமலையும் சேர்த்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று காலையிலிருந்து வண்டியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறேன். உங்கள் குரலும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, "விடுங்க மச்சான்" என்று. அந்த போன் வரவே இல்லை, மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?