கிஷாந்த் வீடு கேட்டு வந்த அம்மா

அன்பு மகன் கிஷாந்துக்கு,

றொசல்லையிலிருந்து அப்பா எழுதுவது. மாரியம்மன் துணையில் நானும் அம்மாவும் தங்கச்சி நிலக்ஷியும் சுகமாக இருக்கிறோம், கொரியாக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம். போனில் பேசாமல் அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கேன்பா என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறாய். வட்டவளை யோகேஸ்வரன் நீ இருக்கும் பக்கம் வேலைக்கு வருகிறான், அவனிடம் மிளகாய்த்தூளும் நம் தேயிலையும் கொடுத்துவிடுகிறோம், அதோடு இதையும் சேர்த்து வைக்கிறேன். இங்கே மழை விடவில்லை, பின் சுவரில் மறுபடி ஈரம் ஏறிவிட்டது. நிலக்ஷி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாதாம், அதனால் அம்மா நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சாதகம் செய்கிறாள். மாத்தளையில் போன மாதம் நல்ல கச்சேரி, லண்டனிலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். காலையில் ஒரு பொம்பளை நனைந்த குடையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வாசலில் வந்து நின்றார். திருவிழாவில் வாசிக்க அம்மாவைப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நாற்காலியைத் துடைத்தேன். அவரோ, "ஐயா, கிஷாந்த் தம்பி வீடு இதுதானுங்களா?" என்றார். யார் வீடு என்று நான் இன்னொரு தடவை கேட்டேன். நம் வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள் எல்லாரும் நாதஸ்வரக்கார மீனம்மா வீடு என்றுதான் கேட்பார்கள், உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களே உன்னை மீனம்மா மகன் என்றுதான் கூப்பிட்டார்கள். சரஸ்வதி பூஜையன்று நாதஸ்வரத்தைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள், நீ ஊதினாய், வெறும் காற்றுதான் வந்தது, மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்து நீ அழவில்லை, சோறு கேட்டுச் சாப்பிட்டாய், அப்புறம்தான், "எனக்குக் கழண்ட சைக்கிள் செயின் மாட்டத் தெரியும், அதை யாரும் கேக்க மாட்டேங்குறாங்கப்பா" என்றாய். ஏர்போட்டிலும் அதே கதைதான், அதிகாரி ஒருவர் அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார், நீ உன் பெட்டியை நீயே தள்ளிக்கொண்டு, "அங்க யாருக்கும் அம்மாவைத் தெரியாது, அதுவே போதும்ப்பா" என்று என் காதில் சொன்னாய். அம்மாவுக்கும் அது கேட்டதடா.

வந்தவர் பெயர் ராமாயி, உன்னோடு வேலை செய்யும் திலக்ஷனின் அம்மா, உடப்புசல்லாவையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். மெஷின் உருளையில் திலக்ஷனின் சட்டைக் கை மாட்டிக்கொண்டதையும், மற்றவர்கள் கத்திக்கொண்டு நிற்க நீ ஓடிப்போய் சுவிட்சை அணைத்து அவன் கையை வெளியே எடுத்ததையும், அதில் உன் இடது கை நசுங்கித் தையல் போட்டதையும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்களிடம் சளி, ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றாயே! "எம் புள்ள ரெண்டு கையோட இருக்கான்னா ஒங்க புள்ளையாலதான்" என்று அவர் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி குடித்த பிறகுதான் சுவரில் இருந்த கச்சேரிப் படங்களைப் பார்த்து, "நீங்க எங்க கோயிலுக்குக்கூட வாசிக்க வந்தீங்களே" என்றார். அப்புறமும் பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை, மறுபடி உன்னைப் பற்றித்தான், கிஷாந்துக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்தப் பள்ளியில் படித்தான், பொண்ணு பார்க்கிறீர்களா என்று. அம்மா ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். நாதஸ்வரத்துக்குப் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. பஸ் ஏற்றிவிட அவளே போனாள், ஹுசைன் நானா கடையில் நிறுத்தி, "எம் மகன் காப்பாத்துன பையனோட அம்மா, நானா" என்று சொல்லியிருக்கிறாள், பஸ் கண்டக்டருக்குச் சிங்களத்தில் வேறு சொன்னாளாம். விருது வாங்கினால் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாதவள், இப்போது தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை மகனே, தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் போகிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வை, கை சரியாகும்வரை ஓவர்டைம் வேண்டாம், காதை மூடித் தொப்பி போடு. திலக்ஷனையும் நாங்கள் கேட்டதாகச் சொல். உனக்கு நல்ல மனதும் நீண்ட ஆயுளும் அம்மன் தரட்டும்.

மறக்காதே, இனி வீடியோவில் முகத்தை மட்டும் காட்டாமல் அந்தக் கையையும் காட்ட வேண்டும். எந்த விரல் மடங்கவில்லை என்று அம்மா பார்க்க வேண்டுமாம், விரலைப் பழக்கும் முறை அவளுக்குத் தெரியும், தினமும் காலையில் சொல்லித் தருகிறாளாம். நாதஸ்வரம் பிடிக்க இல்லை, ஸ்பானர் பிடிக்க என்று கட்டாயம் எழுதச் சொன்னாள்.

உன்னை நினைத்தபடி,
அப்பா வீரய்யா