ஆசியா வீட்டுப் பக்கவழி

தஞ்சாவூர்
20 ஜூலை 1997

அன்புள்ள ஆசியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பினாங்கில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று போன வருஷம் எழுதியதும் நீதான். அவர்களில் ஒருவரைப் போய்ப் பார். உன் வீட்டுக்காரர் இப்ராஹிம் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லூரி திறந்துவிட்டது. வேறு பாடத்தில் இடம் கிடைக்காத பெண்கள் இந்த வருஷமும் பொருளாதாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

உன் வீட்டை ஞாயிறுதோறும் திறந்து பெருக்குகிறேன். மாடி ஜன்னலில் கரையான் ஏறியிருந்தது, மருந்து அடித்தாயிற்று. கொய்யா காய்த்துக் கொட்டுகிறது. தெருவிலிருந்து உன் வீட்டுச் சுவரை ஒட்டிக் கொல்லைக்குப் போகும் பக்கவழியில் நீ வைத்த செம்பருத்தி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அந்த இரும்புக் கதவை யாரும் திறக்காததால் பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

நம் தெருவுக்கு இப்போது ஒரு நலக்குழு இருக்கிறது. சிரிக்காதே, நான்தான் செயலாளர். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். தலைவர் மூன்றாம் வீட்டு ரெத்தினம் சார், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். இந்த மாதிரிக் குழுக்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் மனிதர் நகராட்சிக்குப் போய் உட்கார்ந்தால் வேலை முடியாமல் எழுந்திருப்பதில்லை. எரியாமல் கிடந்த விளக்குகள் எரிகின்றன. சாக்கடைக்குச் சிமெண்டு மூடி போட்டாயிற்று. அதில் ஒரு வேடிக்கை. இரண்டு கட்சிக் கொடிமரங்களும் சாக்கடை வரும் பாதையிலேயே நிற்கின்றன. அவர்கள் எடுத்தால் நாங்கள் எடுக்கிறோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். ஆகவே சாக்கடை நேராக வந்து, ஒரு மேடைக்கு மரியாதை செய்து வளைந்து, எதிர்க்கட்சி மேடைக்கும் வளைந்து, அப்புறம் போகிறது. கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு "அழகா இருக்கு" என்றார்.

அடுத்த வேலை பின்சந்து. முனை வீட்டு வேம்பு அக்காவின் கொல்லை வழியாகத் திருடன் புகுந்து பித்தளை அண்டாவை எடுத்துப் போய்விட்டான். "சோத்தையும் தின்னுட்டுப் போயிருக்கான்மா. கொழம்புல உப்புக் கம்மின்னு ஒரு சீட்டு எழுதி வைக்காததுதான் பாக்கி" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குப்பை, பன்றி, குடிகாரர்கள் எல்லாம் அந்தச் சந்தில்தான். எடுப்புக் கழிப்பறைகள் போன பிறகு சந்துக்கு வேலை இல்லை. எனவே சந்தின் வாயில் கேட் போட்டுப் பூட்டிவிட்டு, நிலத்தை அந்தந்தக் கொல்லையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நகராட்சி ஆட்சேபிக்காது. "சுதந்திரம் வந்து அம்பது வருஷம் ஆச்சு. நம்ம தெருவுக்கு இன்னும் வரலியேம்மா" என்கிறார் ரெத்தினம் சார். ஆகஸ்டு பதினைந்துக்குக் கேட்டைத் திறக்க வேண்டுமாம். பூட்டுவதற்காகச் செய்கிற கேட்டுக்குத் திறப்பு விழா.

சந்தின் கடைசியில், உன் கொல்லைக்கு நேர் பின்னால், நாகம்மாள் வீடு இருக்கிறது. நகராட்சியில் துப்புரவு வேலை செய்கிறவள், உனக்கு நினைவிருக்கும். அவள் புருஷன் மருதையன் உயிரோடு இருந்தவரை நம் தெருவின் கழிவையெல்லாம் கூடையில் சுமந்துகொண்டு போனது அந்தச் சந்து வழியாகத்தான். வீட்டுக்குப் பட்டா இருக்கிறது. வெளியே வர அந்தச் சந்தை விட்டால் வேறு வழி இல்லை. கேட்டுக்கு ஒரு சாவி கொடுத்துவிடலாம், ஓரமாக ஒற்றையடிப் பாதை விடலாம் என்று குழு முடிவு செய்தது. ரெத்தினம் சார் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா அவங்களுக்குப் புரியும்மா" என்றார். குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். என்னை மட்டும் ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போய்ச் சொன்னேன். நாகம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "சாவி குடுக்குறாங்களா, சரிங்க டீச்சர். வூட்டுக்கு வர்ற சனம்லாம் முனையில நின்னு, நாகம்மா, வந்து தொறன்னு கத்தட்டும். ஊருக்கே தெரியும், நம்ம வூட்டுக்கு ஆள் வந்துருக்குன்னு" என்றாள். வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கும் அவள் மகள் அமிர்தத்தை ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களாம். "அவங்களுக்கும் ஒரு சாவி அடிச்சுக் குடுத்துடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போட எழுந்து போனாள்.

ஒப்புதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கொல்லைக்கும் ஐந்தடி கூடும். வீட்டை விற்கும் யோசனை அண்ணனுக்கு இருப்பதால் அது உங்களுக்கு நல்லதுதான். செயலாளர் என்ற முறையில் அனுப்புகிறேன். மற்றபடி இதில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஊரில் தம்பி செல்லதுரை குறுவை போடவில்லை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. பாபநாசம் பக்கம் போர் வைத்தவர்கள் நட்டுவிட்டார்கள். இவன் வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அம்சவல்லி


தஞ்சாவூர்
31 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஆசியா,

ஒப்புதல் தாள் உன் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. நான் கேட்டேன் என்பதற்காக மறு தபாலிலேயே அனுப்பிவிட்டாய். அதை நான் இன்னும் ரெத்தினம் சாரிடம் கொடுக்கவில்லை. உன்னிடம் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, வெளியே ஆட்கள் முறைக்கும்போது சொல்ல இது வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பொன்விழா நடந்தது. தெருவில் கொடி ஏற்றினோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். கேட் மட்டும் வரவில்லை; வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம். சந்தின் வாயில் அஸ்திவாரத்துக்கு வெட்டிய குழிதான் தயாராக இருந்தது. எல்லாக் கையெழுத்தும் வருவதற்கு முன்பே குழியை வெட்டிவிட்டார்கள். சந்தின் அகலம் முழுக்கக் குழி. நாகம்மாள் வீட்டார் போய்வர ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

போன ஞாயிறு காலை அமிர்தத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம். பையன் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக். முதல் நாள் மழையில் குழி நிறையத் தண்ணீர். நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு வேன் நிற்கிறது. தாம்பாளத்தில் பூவும் பழமுமாகப் பெரியவர்களும் பெண்களும் குழிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் பட்டுச்சேலையில் நாகம்மாள். பையனின் தாயார் பலகையில் ஒரு காலை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்தமா, கழைக்கூத்தாட வந்தமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நாகம்மாளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வேம்பு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் படி இறங்கி வரவில்லை. கெட்ட எண்ணத்தினால் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள் இல்லையா, அப்படி.

நான் எதையும் யோசித்துத்தான் செய்வேன் என்று நீ கேலி செய்வாய். அன்று யோசிக்கவில்லை. "இந்தப் பக்கம் வாங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உன் சாவிக் கொத்தை எடுத்து வந்து இரும்புக் கதவைத் திறந்தேன். தாம்பாளங்கள் முன்னால் போக, செம்பருத்தியை ஒதுக்கிக்கொண்டு எல்லாரும் பக்கவழியாகக் கொல்லைக்கு வந்தார்கள். உன் கொல்லைக் கதவைத் திறந்தபோது நாகம்மாள் சந்துக்குள்ளேயே ஓடி வந்து மூச்சு வாங்க எதிரே நின்றாள். "வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

என்னையும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். பையனின் தாயார் சுற்றிப் பார்த்துவிட்டு, "தரகர் என்னமோ சந்துக்குள்ள வூடுன்னு இழுத்தாரு. தெருவுலேருந்தே நல்ல வழியா இருக்கே! அதான வேணும், சம்பந்தி வூட்டுக்குப் போறப்ப நாலு பேரு பாக்க நடந்து போகணும்ல?" என்றார். அமிர்தம் வாயைத் திறந்தாள். நாகம்மாள் கேசரித் தட்டை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. புரட்டாசி பிறப்பதற்கு முன்னால், செப்டம்பர் பதினான்காம் தேதி, நிச்சயம் செய்ய மறுபடி வருகிறார்கள். அந்த வழியாகத்தான் வருவோம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அமிர்தம் என்னிடம் வந்தாள். "டீச்சர், பொய்யில ஆரம்பிக்க வேணாம். அது எங்க வழி இல்லன்னு நானே கடுதாசி போட்டுடறேன். அதுக்காக வேணாம்னு சொன்னா சொல்லட்டும்" என்றாள். நாகம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். "இவளுக்கு வக்கீலாபீசு சம்பளம் குடுக்குதோ இல்லியோ, வாயி குடுத்துருக்கு" என்று மகளைத் திட்டிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நாள் பொறு, எழுதாதே என்று அமிர்தத்திடம் சொன்னேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. உன்னை வைத்துத்தான்.

மறுநாள் ரெத்தினம் சார் வந்தார். "தப்புன்னு சொல்லலம்மா. அவசரத்துக்குத் தொறந்தீங்க. ஆனா அப்படியே வழக்கமாயிடும் பாருங்க. முன்பக்கம்..." என்று நிறுத்தினார். முன்பக்கம் என்ன சார் என்றேன். "ஒண்ணுமில்ல, காப்பி நல்லா இருக்கு" என்றார். நாகம்மாளுக்குத் தெருப்பக்கம் வழி கிடைத்துவிட்டால் சந்தை முழுவதுமாகவே அடைத்துக்கொள்ளலாமே, கேட் கூட வேண்டாம், சுவரே எழுப்பிவிடலாமே என்று கேட்டேன். அவருக்கு அது புரிந்தது. பொறியாளர் இல்லையா. புரிந்த பிறகும், "நாலு பேரைக் கேக்கணும்மா" என்று எழுந்துவிட்டார். வேம்பு அக்கா தினமும் காலையில், "கதவு தொறந்து கெடக்கே, பூட்ட மறந்துட்டீங்களா?" என்கிறார். மறக்கவில்லை அக்கா என்கிறேன்.

அபிப்பிராயம் இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். இருந்தது. நான் விடுதியில் உன்னோடு இருந்த வருஷம், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக எங்கள் சேரிக்குப் போகும் வரப்பைப் பண்ணையில் முள் வைத்து அடைத்தார்கள். அப்பா வாய்க்காலில் இறங்கி, வேட்டியை நனைத்துக்கொண்டு போய்வந்தார். பிறகு அரசாங்கம் குடியிருந்த மனைக்குப் பட்டா கொடுத்தது. பெரிய காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தது மனைக்குத்தான். வரப்பு பண்ணையுடையதாகவே இருந்தது. செல்லதுரை இன்றைக்கும் அறுத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவர இன்னொருவரைக் கேட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறான். இதையெல்லாம் நான் வகுப்பில் நில உறவுகள் என்று நடத்துகிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தப் பக்கவழியில் நாகம்மாள் வீட்டுக்கு வழிநடை பாத்தியம் எழுதிக் கொடுப்பாயா? இடம் உன்னுடையதாகவே இருக்கும். நடந்துபோகும் உரிமை மட்டும் அவர்களுக்கு. வக்கீலிடம் விசாரித்துவிட்டேன்; ஒரு சின்னப் பத்திரம் போதும். அதோடு சேர்த்து உன் ஒப்புதல் தாளையும் ரெத்தினம் சாரிடம் கொடுத்துவிடுகிறேன். சந்தை அடைத்துக்கொள்ளட்டும். வீட்டின் விலை குறையும் என்று அண்ணன் சொல்வார். சரியாகத்தான் சொல்வார். தெருவில் சிலர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். நீ இங்கே இல்லை. அந்த முகங்களை நான்தான் பார்க்க வேண்டியிருக்கும், எனக்கு அது பழக்கம்தான். மாட்டேன் என்றாலும் நம்மிடையே ஒன்றும் மாறாது. கேட்காமல் திறந்தது நான்தானே.

இன்னொன்று. முதன்முதலாகக் கூத்தாநல்லூரில் உங்கள் வீட்டுக்கு உன்னோடு வந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ கத்திக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாய். நான் உன் பின்னால் வரவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். உன் தாயார் ஜன்னத் பீவி கிணற்றடியில் மீன் அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஏம்மா இப்படி வர்றே? வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு" என்று சொல்லி, ஈரக்கையோடு என் கையைப் பிடித்து வந்த வழியே திரும்பச் சுற்றி அழைத்துப்போய், முன்வாசலில் என்னை முதலில் ஏறச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தான் ஏறினார். நீ உள்ளே இருந்தாய், பார்க்கவில்லை. நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அன்று முழுக்க என் கையில் மீன் வாசனை இருந்தது.

கடிதம் எழுதினால் பதினான்காம் தேதிக்குள் வராது. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய். எங்கள் தெருவில் போன் இருப்பது ரெத்தினம் சார் வீட்டில்தான். நீளமாகப் பேச வேண்டாம். திறந்தே இருக்கட்டும் என்றோ, பூட்டிவிடு என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவரை நான் பூட்டவில்லை.

உன் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.

என்றும் உன்
அம்சவல்லி