உடல் நலிந்தவரா? ஆம் / இல்லை

செப்டம்பர் 14

எடை 211.

நர்ஸ் ரோண்டா கொடுத்த நான்காவது நோட்டு இது. காலையில் எழுந்து, காப்பி குடிப்பதற்கு முன் எடை பார்த்து எழுத வேண்டும். ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினால் இதயம் தண்ணீர் சேர்க்கிறது என்று அர்த்தமாம், உடனே அவளுக்குப் போன் செய்ய வேண்டும். இரண்டு வருடமாக வெறும் எண்ணை எழுதி எழுதிச் சலித்துவிட்டது. அதனால் பக்கத்தில் நாலு வார்த்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ரோண்டா படித்தால் படிக்கட்டும்.

செப்டம்பர் 15

211. மழை. முழங்கால் வலி.

செப்டம்பர் 19

எடை 210.

அரசாங்கக் கடிதம் வந்தது. மெடிக்கெய்ட் என்கிற அரசாங்க இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் இனி மாதம் எண்பது மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் காப்பீடு போய்விடும். புது வரிச் சட்டத்தின்படி என்று போட்டிருக்கிறது.

வரிச் சட்டத்தில் என் மாத்திரைக்கு என்ன வேலை? அந்தச் சட்டம் வந்த அன்று டைனர் சாப்பாட்டுக் கடையில் கை தட்டினார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிப்ஸுக்கு இனி வரி கிடையாது என்றார்கள். என் மனைவி நெல்டா பதினெட்டு வருடமாக அங்கே தட்டு தூக்குகிறாள். அவளைப் பார்த்து நானும் தட்டினேன். அவளுடைய சம்பாத்தியத்துக்கு வருமான வரி என்று ஒன்று விழுந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சட்டத்தின் மற்ற பக்கங்களை எங்களில் யார் படித்தோம்? நான் படிக்கவில்லை.

நெல்டாவுக்குப் பிரச்சினை இல்லை. சம்பளச் சீட்டைக் காட்டினால் அவள் மணி நேரம் சரியாக இருக்கும். நான்தான் மரம் வெட்டும் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது.

செப்டம்பர் 21

எடை 211. படிவத்தைப் பூர்த்தி செய்தேன். பன்னிரண்டு பக்கம். ஒன்பதாவது கேள்வி இது: ‘நீங்கள் உடல் நலிந்தவரா? ஆம் / இல்லை.’

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் நோயாளிகள், வீட்டோடு முடங்கியவர்கள் பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் தலை குனிவார்கள். என் பெயர் அதில் வரக்கூடாது என்று நெல்டாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். நலிந்தவர் என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் கரண்டியால் ஊட்டிவிட வேண்டிய ஆள். நான் இந்த வாரம்கூட விறகு பிளந்தேன். நடுவில் நாலு தடவை உட்கார்ந்தேன், அது வேறு விஷயம்.

இல்லை என்று குறித்தேன். கையெழுத்துப் போட்டு, தபால் பெட்டியில் வைத்து, தபால்காரன் நின்று எடுத்துப்போக அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டேன். நெல்டா வேலையில் இருந்தாள்.

செப்டம்பர் 22

211. நெல்டா கேட்டாள்.

“ஒம்பதாவது கேள்விக்கு என்ன போட்ட?”

உள்ளதைப் போட்டேன் என்றேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மாடி ஏற முடியாம கட்டில முன்னறைக்குக் கொண்டாந்து போட்டுருக்கோம், ஆர்வில். நீ என்னடான்னா அரசாங்கத்துக்கு நான் பயில்வான்னு எழுதி அனுப்பியிருக்க.”

முழங்கால்தான் காரணம், இதயம் இல்லை என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்குச் சோளரொட்டியும் பீன்ஸும். உப்பு இல்லாமல்தான். எனக்கு உப்பு கூடாது என்பதற்காக அவளும் இரண்டு வருடமாக உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

அக்டோபர் 8

எடை 212. பதில் வந்துவிட்டது. நான் நலிந்தவன் இல்லை என்பதால் எனக்கு விலக்கு கிடையாது. நவம்பர் மாதத்துக்கு எண்பது மணி நேரம் காட்ட வேண்டும்.

நெல்டா விடுப்பு எடுத்துக்கொண்டு கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு மணி நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். போனை மேசையில் வைத்து நெல்டா சத்தத்தைக் கூட்டியதால் எனக்கும் கேட்டது.

“கம்ப்யூட்டர்ல அவரோட மாத்திரை எல்லாமே தெரியுதும்மா. ஆனா அவரே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரே, அதத்தான் எடுத்துக்கும். மாத்தணும்னா டாக்டர் சர்டிபிகேட் வேணும்.”

நலிந்தவன் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது. நலிந்தவன் என்று சொல்ல டாக்டர் வேண்டுமாம்.

அக்டோபர் 9

212. ரோண்டாவுக்குப் போன் செய்தோம். அவள் நர்ஸ், அவள் கையெழுத்து செல்லாது. டாக்டர் முன்பெல்லாம் கிளினிக்குக்கு வாரம் இரண்டு நாள் வருவார், இப்போது மாதம் ஒரு நாள். இந்த மாதத்து நாள் போன வாரமே முடிந்துவிட்டது. நவம்பர் நாளில் ஏற்கெனவே ஆள் நிறைந்துவிட்டது. டிசம்பர் 4 கொடுத்திருக்கிறாள். காப்பீடு போனவர்கள் கிளினிக்குக்கு வருவதில்லை, வராவிட்டால் கிளினிக்குக்குக் காசு இல்லை, அதனால்தான் இந்த நிலை என்றாள்.

அக்டோபர் 17

எடை 212.

வெண்டல் வந்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதம், பக்கத்து மேட்டில் சின்ன மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறான். அவனுக்கு நான் விறகு பிளந்து கொடுப்பேன், அவன் எனக்கு மான்கறி கொடுப்பான். அதையே எழுதிக் கொடு என்று கேட்டேன். ‘ஆர்வில் கோம்ப்ஸ் எனக்கு வேலை செய்கிறான், கெட்டிக்காரன், கொஞ்சம் வாய்’ என்று தீவன ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அனுப்பினோம்.

அக்டோபர் 28

212. வெண்டலின் கடிதம் திரும்பி வந்துவிட்டது. சம்பளச் சீட்டு இல்லாத வேலை வேலை இல்லையாம். மான்கறிக்குச் சீட்டு எங்கே வாங்குவது?

அக்டோபர் 30

எடை 211. வெண்டல் மறுபடி வந்து, ஒரு வழி இருக்கிறது என்றான்.

“மில்லு கணக்குல உன் பேரச் சேத்துக்கறேன்யா. நீ வந்து அடுப்புப் பக்கத்துல உக்காரு, போதும். எம்பது மணி நேரம்னு நான் எழுதிடறேன்.”

உட்கார்ந்துகொண்டு கூலி வாங்குகிற ஆள் நான் இல்லை என்றேன். ஒழுங்காக வேலை கொடுத்தால் வருகிறேன் என்றும் சொன்னேன். நெல்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அவன் சொல்றதக் கேளேன்” என்றாள். நான் கேட்கவில்லை.

நவம்பர் 3

எடை 212. முதல் நாள். ரம்பத்துக்குப் பின்னால் நின்று, அறுத்து விழும் பட்டைப் பலகைகளை எடுத்து அடுக்க வேண்டும். நாலு மணி நேரம். மரத்தூள் வாசனையில் பாதி வயது குறைந்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்ற முடியவில்லை, நெல்டாதான் கழற்றினாள்.

நவம்பர் 5

213. மொத்தம் 12 மணி.

நவம்பர் 10

214. மொத்தம் 23.

வெண்டல் லேசான பலகையாகப் பார்த்து என் பக்கம் தள்ளுகிறான். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நவம்பர் 12

214. மொத்தம் 30. நாற்காலியிலேயே தூங்கினேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

நவம்பர் 13

214.

பொய். 217. மூன்று பவுண்டு ஏறினால் ரோண்டாவுக்குப் போன் செய்ய வேண்டும். போன் செய்தால் வேலைக்குப் போகாதே என்பாள். போகாவிட்டால் எண்பது வராது. எண்பது வராவிட்டால் ரோண்டாவுக்குப் போன் செய்ய எனக்கு என்ன உரிமை? இதில் எந்தப் பக்கமாக ஒரு மனுசன் வெளியே வருவது? இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை.

நவம்பர் 17

மொத்தம் 43.

நவம்பர் 19

எடை 222. முந்தாநாள் மத்தியானம் பலகையோடு சாய்ந்துவிட்டேன். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டல் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. அவன் அழுதான். அறுபது வயதுக்காரன், மரத்தூளில் மண்டி போட்டு உட்கார்ந்து அழுதான். நான் செத்தா உன் மேல பழி வருமேன்னு அழுதியாடான்னு கேட்டேன். வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்குன்னான்.

ரோண்டா போனிலேயே நெல்டாவைத் திட்டினாள், பிறகு தண்ணீரை வெளியேற்றும் மாத்திரையை இரட்டிப்பாக்கினாள். அவசர சிகிச்சைக்குப் போகச் சொன்னாள். ரெண்டு நாள் பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 22

216. இறங்குகிறது. கணுக்கால் எலும்பு மறுபடி தெரிகிறது.

நவம்பர் 24

215. இனி மில் இல்லை. வெண்டல் என்னை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டான். மிச்ச மணி நேரத்தை எழுதிவிடுகிறேன் என்று மறுபடியும் கேட்டான். இந்த முறை சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் கணக்கைச் சோதித்தால் அவன் மில்லும் போகும். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 28

215. கிளினிக் இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். டிசம்பர் 4 கிடையாது. ரோண்டா வீட்டுக்கே வந்து சொன்னாள். இதயத்தைப் பரிசோதித்த பழைய காகிதங்களையெல்லாம் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். லெக்சிங்டன் நகரத்தில் புது டாக்டரைப் பார்க்க அவளே போன் செய்து பார்த்திருக்கிறாள். கிடைத்த நாள் பிப்ரவரி 19.

போகும்போது, “தினமும் எடை எழுதுங்க மிஸ்டர் கோம்ப்ஸ், நான் பாக்காட்டியும் எழுதுங்க” என்றாள்.

டிசம்பர் 15

214. முடிவுக் கடிதம். நாற்பத்து மூன்று மணி நேரம் போதாது. இம்மாதம் 31ஆம் தேதியோடு காப்பீடு நிற்கிறது. ரோண்டாவின் உறையை நெல்டா அனுப்பிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குள் எழுதிய காகிதமாக இருக்க வேண்டுமாம். என் இதயம் இரண்டு வருடத்துக்கு முன்பே கெட்டுப்போனது அவர்களுக்குப் பழைய செய்தி.

டிசம்பர் 18

214. நெல்டா வேறு வழி தேடினாள். சொந்தமாகக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டு, அதை வைத்து வாங்கிவிடலாம் என்று டைனர் முதலாளி அம்மா சொன்னாளாம். விசாரித்தால், மணி நேரம் காட்டாததால் நீக்கப்பட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. சலுகை இல்லாமல் வாங்குவதைப் பற்றி நாங்கள் பேசக்கூட இல்லை.

கதவைச் சாத்திட்டு ஜன்னலையும் ஆணியடிச்சிருக்கானுங்க. யார் மேல கோபப்படறது? போன்ல பேசின பொண்ணு மேலயா? அது நல்ல பொண்ணு.

டிசம்பர் 25

213. பன்றிக்கறி ஹாம் இல்லாத கிறிஸ்துமஸ். உப்பு.

ஜனவரி 9

எடை 215. விலை கூடிய மாத்திரையைப் பாதியாக வெட்டுகிறேன். காலையில் பாதி, இரவு ஒன்றுமில்லை. நெல்டாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மேசையில் மாத்திரைத் தூளைப் பார்த்துவிட்டாள். துடைத்தாள். சனி ஞாயிறும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஜனவரி 18

217. சர்ச்சிலிருந்து வந்த வெண்டல் வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். பட்டியலில் என் பெயரை வாசித்தார்களாம். நெல்டா கொடுத்திருக்கிறாள். அவள் வந்ததும் கத்த வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். கத்துவதற்கு மூச்சு இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜனவரி 27

220. பனி.

ஜனவரி 30

224

பிப்ரவரி 6

லெக்சிங்டன். 19ஆம் தேதிக்குக் காத்திருக்க முடியவில்லை. ஆம்புலன்சில் நெல்டா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம், எனக்கு நினைவில்லை. இங்கே எடையை அவர்களே பார்த்து அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி நான்தான் கேட்டேன்.

இதயத்தில் முன்பு பாதிப் பலமாவது இருந்தது, இப்போது அதிலும் பாதிதான் என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை எப்போதிலிருந்து குறைத்தீர்கள் என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். நெல்டா சொன்னாள். இழந்தது திரும்பி வருமா என்றும் அவள்தான் கேட்டாள். அவர் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பதில் சொன்னார். திரும்பி வந்தவள் என் போர்வையைச் சரிசெய்தாள், சரியாக இருந்த போர்வையை.

பிப்ரவரி 8

காப்பீட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமாம், நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே ஒருத்தி படிவத்தோடு வருவாள் என்றார்கள். இந்த முறை என்ன சொல்லப்போகிறாய் என்று நெல்டா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் முடிவு செய்துவிட்டேன். அவள் வீட்டுக்குப் போன பிறகு, அறையில் யாரும் இல்லாதபோது ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆமாம்மா, நலிந்தவன்தான். ஆமாம். அவ்வளவுதான், ஒரு வார்த்தை.

பிப்ரவரி 9

காலையிலேயே நெல்டாவிடம் சொல்லித் தலை வாரிக்கொண்டேன். கட்டிலை நிமிர்த்தச் சொல்லி, தலையணை வைத்து உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டாள், நானே சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்றாள், ரெண்டு பேர் என்றேன். எட்டாவது கேள்வியும் முடிந்தது. நெல்டா என் கையைப் பிடித்தாள். நான் வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண் ஒன்பதாவதை வாசிக்கவில்லை. தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தாள். ஆம் என்பதில் குறி போட்டாள், பக்கத்தைத் திருப்பினாள், வண்டி ஏதும் சொந்தமாக இருக்கிறதா என்று கேட்டாள்.