ஹெட்போன் ஓட்டை உடைந்த வாரம்

8-11-92, ஞாயிறு

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. கொரட்டூர் ஏரி நிரம்பிவிட்டதாம். பால்காரர் சொன்னதில் 'ஏரி' மட்டும் புரிந்தது. மீதி என் ஊகம்.

வாக்மேனில் ஹெட்போன் பின்னைக் குத்தும் ஓட்டை உடைந்துவிட்டது. பின் நிற்பதில்லை, தொளதொளவென்று ஆடுகிறது. விரலால் அழுத்திப் பிடித்தால் பாட்டு, விட்டால் கரகர. தீக்குச்சி சொருகிப் பார்த்தேன். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினேன். மாலைக்குள் அந்தக் கரகரவும் போச்சு. சனியன்.

பாட்டு போனால் போகட்டும். பாட்டுக்காகவா அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். இடது காது இரண்டு வருடமாக அவுட். வலதும் பாதிதான். இருபத்திரண்டு வருடம் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றால் காது என்ன செய்யும், பாவம்.

தலையில் ஹெட்போன் இருந்தால், வசந்தா கூப்பிட்டு நான் திரும்பாவிட்டாலும், வீட்டுக்காரர் பாட்டு கேட்கிறார் என்று விட்டுவிடுவாள். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் செவிடு. கம்பெனிக்குத் தெரிந்தால் மிஷினிலிருந்து இறக்கி கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். நாற்பத்தேழு வயதில் வருகிறவன் போகிறவனுக்கு சலாம் போடுவதா? முடியாது.

ஹெட்போன் இல்லாமல் சொல்லக்கூடிய சாக்குகள்: மழைச் சத்தம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கண் அசந்துவிட்டது. (மூன்றும் ஒரு வாரம் தாங்காது.)

9-11, திங்கள்

மழை. தண்டவாளத்தை ஒட்டிய தெருவெல்லாம் சேறு. செருப்பு வார் அறுந்தது.

ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடையில் வாக்மேனைக் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "சாக்கெட்டே புட்டுகிச்சு சார். ஒயர இஸ்து இஸ்து உள்ளயே ஒடச்சி வெச்சிருக்கீங்க. வேற வாங்கியாந்து போடணும். வியாழக்கெழம வாங்க" என்றார். நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். மூன்று நாள் ஓட்ட வேண்டும்.

கம்பெனியில் இன்று நல்ல வேலை. முனுசாமியும் நானும் ஆறு வருடமாக ஒரே பிரஸ். அவன் தகட்டை டைக்குள், அதாவது கீழ் அச்சில், வைப்பான், கையை எடுப்பான், "உடு" என்பான். நான் பெடலை மிதிப்பேன். மேலிருந்து அச்சு இறங்கும். அந்த "உடு" என் காதில் விழுந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அவன் தோளைப் பார்த்து மிதிக்கிறேன். தோள் பின்னால் வந்தால் கையும் வெளியே வந்துவிட்டது என்று கணக்கு. இதுவரை பிசகவில்லை.

10-11, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. செருப்பு தைத்தாயிற்று.

சாயங்காலம் வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று முன்னால் வசந்தா, கையில் கரண்டியோடு. கண் கலங்கியிருந்தது.

"எத்தினி வாட்டி கூப்பிடறது? பால் பொங்கி அடுப்பே அணைஞ்சி போச்சி. குந்திகினே கீறியே!"

ஏதோ யோசனை என்றேன்.

"இன்னா யோசன? என்னாண்ட பேச இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு. முன்ன அந்தக் கருமத்த காதுல மாட்டிகினு இருந்த. இப்போ அதுவும் இல்ல."

உள்ளே போய்விட்டாள். அவளைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமா இப்படி நினைத்திருப்பாள்? பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம்.

11-11, புதன்

எழுதக் கை ஓடவில்லை.

பதினோரு மணி இருக்கும். தகடு டையில் சிக்கிக்கொண்டது. முனுசாமி தோளைப் பின்னால் இழுத்தான். மிதித்தேன். இழுத்தது கையை எடுக்க அல்ல, சிக்கிய தகட்டைப் பிடுங்க. "இரு இரு" என்று கத்தினானாம். பக்கத்து மிஷின்காரன் வரைக்கும் கேட்டிருக்கிறது.

கையுறையின் நடுவிரல் நுனி அப்பளமாகிவிட்டது. அந்த நுனிக்குள் விரல் இல்லை. கம்பெனியில் கொடுப்பது எல்லாருக்கும் ஒரே சைஸ் கையுறை, அவனுக்கு அது பெரிசு. அதனால் தப்பித்தான். அதனால் மட்டும்தான்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமியே, "என் தப்பு சார். சத்தமா சொல்லல" என்றான். கவனக்குறைவு என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் என் தோளைத் தட்டி, "கோச்சிக்காத அண்ணாத்தே. பயந்துட்டியா?" என்று கேட்டான். அவன் என்னைக் கேட்கிறான்!

சோறு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே கொண்டுவந்தேன். வசந்தா திறந்து பார்த்தாள். மறுபடி மூடி வைத்தாள்.

12-11, வியாழன்

தூறல். டை சரிபார்க்கிறார்கள், எங்கள் பிரஸ் ஓடவில்லை. ஸ்டோரில் பெட்டி அடுக்கினோம். நாளை காலையிலிருந்து ஓடுமாம்.

வாக்மேன் வந்துவிட்டது. கடைக்காரர் என் தலையில் மாட்டிப் போட்டுக் காட்டினார். இடது பக்கம் வரவில்லையே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாங்கித் தானே மாட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கணீர்னு கீதே சார்!" பிறகு ஹெட்போனை இடம் மாற்றி எனக்கு மாட்டினார். அப்போதும் இடது பக்கம் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு பேசாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். கேசட் போடவில்லை. வசந்தா ஏதோ சொல்ல வந்தவள், ஹெட்போனைப் பார்த்ததும் திரும்பிப் போனாள். அவ்வளவு சுலபம். நாளையிலிருந்து பழையபடி ஓட்டலாம், வீட்டில். பெடலில்?

கழற்றி வைத்துவிட்டேன். முதலில் முனுசாமியிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு இவளிடம்.

13-11, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். ஏழரை மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கே அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் போய் நின்றேன். முனுசாமி வந்தான். "இன்னா அண்ணாத்தே, இம்மாம் சீக்கிரம்?"

சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. முதலில் வாக்மேன், அப்புறம் காது, கடைசியில் புதன்கிழமை. "நீ சத்தமாத்தான்டா சொன்ன. எனக்குத்தான் கேக்கல. ரெண்டு வருசமாவே சரியா கேக்கல. உன் தோளப் பாத்துதான் மிதிக்கிறேன். இன்னிக்கி சூப்பர்வைசராண்ட சொல்லிட்டு மிஷின உட்டு எறங்கிடறேன்."

டம்ளரைக் கீழே வைத்தான். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே ஏதோ கேட்டான். உதடு தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் சும்மா தலையை ஆட்டிவிடுவேன்.

"கேக்கலடா. இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

நிமிர்ந்தான். டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"வெரலு போயிருந்தா, அப்பவாச்சும் சொல்லியிருப்பியா?"