‘நோயாளி தாமதமாக வந்தார்’ என்ற வரியை நீக்கக் கோரி

அனுப்புநர்:
தையற்காரர்,
மணிக்கூண்டுக்குப் பின்தெரு, மாடிக் கடை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் அக்காவின் (வயது 71) டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தவறான வரியை நீக்குதல், பல் பிரிவும் சர்க்கரைப் பிரிவும் கலந்து பேச வழிசெய்தல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. என் அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் என்னோடு இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஜனவரி முதல் வாரத்தில் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியது.

2. தரைத்தளத்தில் பல் பிரிவில் காட்டினோம். சர்க்கரை 290. “இவ்வளவு சுகர்ல பிடுங்கினா புண்ணு ஆறாது. இறக்கிட்டு வாங்க” என்றார் பல் மருத்துவர். மூன்றாம் மாடிக்குப் போனோம். “பல்லுல சீழ் இருக்கிற வரைக்கும் சுகர் எப்படிம்மா இறங்கும்? முதல்ல பிடுங்கிட்டு வாங்க” என்றார் சர்க்கரை மருத்துவர். இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே பட்டது. அதுவே எங்களுக்கு வினையாகப் போயிற்று.

3. ஏழு வாரத்தில் ஒன்பது முறை வந்தோம். லிஃப்ட் ஓடாத நாட்களில் அக்கா முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஒவ்வொரு முறையும் மாத்திரைச் சீட்டு மட்டும் மாறியது. இரு மருத்துவர்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். “அதுக்கு லெட்டர் வேணும்” என்றார் செவிலியர். யார் தர வேண்டிய லெட்டர் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

4. மெல்ல முடியாமல் அக்காவின் சாப்பாடு குறைந்தது, மாத்திரை குறையவில்லை. சர்க்கரை இறங்கிய ஒரே ஒரு நாளில் அவர் குளியலறையில் மயங்கிக் கிடந்தார்.

5. பிப்ரவரி 23 காலை கழுத்துவரை வீங்கி மூச்சுத் திணறியது. அவசரப் பிரிவில் சேர்த்தோம். அன்று சர்க்கரை 412. அன்றைக்கே அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். கழுத்தைக் கீறிச் சீழை வடித்து, இன்சுலின் ஏற்றி, பதினொரு நாள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் 412-இல் பிடுங்க முடிந்த பல்லை, 290-இல் படுக்கையில் சேர்த்து அதே இன்சுலின் கொடுத்து ஏன் பிடுங்கவில்லை என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. இப்போது அக்காவின் வாய் இரண்டு விரல் அகலமே திறக்கிறது.

6. இதற்கெல்லாம் மேலாக, டிஸ்சார்ஜ் சம்மரியில் “நோயாளி சிகிச்சைக்குத் தாமதமாக வந்தார்” என்று எழுதியிருக்கிறது. வாசித்துக் காட்டியதும் அக்கா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். வேலையில் இருந்தவரை ஒருநாள்கூடப் பிந்திப் போகாதவர். “நான் எங்கடா லேட்டா வந்தேன்?” என்றார்.

ஆகவே, ஒன்பது வருகைச் சீட்டுகளின் நகல்களையும் இணைத்துள்ளேன். அவற்றைப் பார்த்து அந்த வரியை நீக்கித் தர வேண்டும். முதியவர்களின் பல்லும் சர்க்கரையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. வாரம் ஒருநாளாவது இரு பிரிவினரும் சேர்ந்து அவர்களைப் பார்க்க ஆணையிட வேண்டும்.

“யாரையும் திட்டி எழுதாதடா, அந்த வரிய மட்டும் எடுக்கச் சொல்லு” என்று அக்கா சொல்லியிருக்கிறார். முதற்பாதியை இயன்றவரை கடைப்பிடித்திருக்கிறேன். திருத்திய தாள் கைக்கு வரும்வரை வியாழன்தோறும் கடையை அடைத்துவிட்டுத் தங்கள் அறை வாசலில் காத்திருப்பேன்.

நாள்: மார்ச் 9
இடம்: புறநோயாளர் கூடம்

பணிவுடன்,
(கையொப்பம்) தம்பி
(கையொப்பம்) அக்கா, நோயாளி