வாக்கர் போகும் பாதை

ஜனவரி 19, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். போனேன் என்று எழுதுவதே பொய், தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டுத் தரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான் ராணி மாதிரி நடப்பேன். படி மட்டும் ஆகாது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து இப்படித்தான். எங்கள் வீடோ மேட்டில். மாதா கோவிலுக்குப் போக மண்படி இறங்கி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்க மேட்டில் ஏறணும். என் புருஷன் வியாகுலம் இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்குகிறவன். என்னை முதுகில் போட்டுக்கொண்டு அந்தப் படியில் ஓடவே செய்வான்.

இன்றைக்கு ஓடைத் திருப்பத்தில், யார் கண்ணும் படாத இடத்தில், நின்றான். "நேத்து உன் தங்கச்சிட்ட போன்ல என்ன ஓதுன?" பிடியைத் தளர்த்தினான். "விட்டுரவா? கீழ பாறை கெடக்கு. விட்டுரவா?" நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். சிரித்தான்.

கோவில் வாசலில் செல்லம் அக்கா: "குடுத்து வச்சவட்டி நீ. என் வீட்டு மனுஷன் என் பையக்கூடத் தூக்க மாட்டாரு."

தொடையில் அவன் விரல்கள் கருநீலமாகப் பதிந்திருக்கின்றன. இடுப்பு முறிந்தபோதும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னோம். ஒருத்தன் பிடித்துத் தள்ளினால் யாருக்குத்தான் வழுக்காது?

ஜனவரி 24, வெள்ளி

வீட்டுக்குப் பின்னால் ஆட்கள் சிவப்பு ரிப்பன் கட்டி அளக்கிறார்கள். எதற்கென்று தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

அளக்க வந்த ஓவர்சியர் பின்வாசலில் தண்ணீர் கேட்டார். சந்திரசேகர் என்று பெயர். பாதை போடுகிறார்களாம். கோவிலில் தொடங்கி, ஓடைக்கு மேல் சின்னப் பாலம், எங்கள் வீட்டுப் பின்பக்கமாக மேட்டைச் சுற்றிச் சுற்றி, மெயின் ரோட்டில் நாங்கள் சாமான் வாங்குகிற கரீமா கடையில் முடியுமாம். டூரிஸ்டுகளில் வயசானவர்கள், நடக்க முடியாதவர்கள் எல்லாரும் காட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு போக.

"படி உண்டா?"

"ஏக் பீ நஹி அக்கா. ஒரு படி கெடையாது. ஏத்தமே தெரியாது. ஓரத்துல கைப்பிடி, நடுநடுவுல பெஞ்சு. வீல்சேர் போறதுக்குத்தான போடுறோம்."

"வாக்கர்?"

"வாக்கர் என்ன, தவழுற புள்ளகூடப் போவும்."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். சந்தோஷத்துக்கு அழுது எத்தனை காலம் ஆயிற்று!

பிப்ரவரி 11, செவ்வாய்

கான்கிரீட் வீட்டுப் பின்னாடி வரை வந்துவிட்டது. சாப்பிடும்போது எனக்குத் தெரியாமலே சிரித்திருக்கிறேன் போல.

"டூரிஸ்டுப் பயலுவளுக்கு ரோடு போடுறான். ஒனக்கு என்னட்டி இளிப்பு?"

"சும்மாதாங்க."

"தனியா நடந்து எவன்ட்ட போகப் போற, மூதி?"

தட்டு பறந்து வந்தது. எவர்சில்வர் விளிம்பு. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம். அவனே மஞ்சள்பொடி வைத்துக் கட்டினான். கட்டும்போது கை எவ்வளவு பதவிசு! அந்தக் கைதான் தட்டையும் எறிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலப் பிரசங்கம். ஃபாதர் சொல்கிறார்: "சீரேனே ஊர் சீமோன் ஆண்டவருடைய சிலுவையைச் சுமந்தார். நம்ம கோவில் பங்குலயும் ஒரு சீமோன் இருக்கார். நம்ம வியாகுலம்!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், தாழ்மையாம்.

அப்போ நான் யார்? சிலுவை. நான்தான் அந்த மரக்கட்டை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சொல்கிறார், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பாதைத் திறப்பு விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

மார்ச் 15, சனி

எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் கைப்பிடிக் கம்பி வளைந்து கிடக்கிறது. பெஞ்சு சுக்குநூறு. விடியும்போது சம்மட்டிச் சத்தம் கேட்டது. பிறகு அவன் பின்வாசலில் கால் கழுவும் சத்தம்.

மார்ச் 17, திங்கள்

சந்திரசேகர் தலையில் கை வைத்து நின்றார். குடிகாரப் பையன்கள் வேலை என்கிறார். ரோட்டோரப் பையன்கள் சிலரை ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போகிறாராம். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"பயலுவ இல்ல சார். எங்க வீட்டுக்காரர்."

முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "அரே, வியாகுலம் அண்ணனா? ஒங்கள முதுகுல தூக்கிட்டுப் போற மனுஷனா? மஜாக் பண்ணாதீங்க அக்கா."

புருவத்துத் தழும்பைக் காட்டினேன். "பாத்து நடங்க" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த மடையன் போய் அவனிடமே சொல்லியிருக்கிறான். தமாஷாக! "அண்ணே, அக்கா ஒங்களையே மாட்டிவிடுறாங்க"ன்னு.

எழுத முடியல. கை வீங்கிக் கெடக்கு.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது.

அன்றைக்கு அவன் வந்ததும் கதவைத் தாழ் போட்டான். கத்தவே இல்லை. முதலில் வாக்கரை எடுத்தான். சுவரில் அறைந்தான், மிதித்து நான்கு காலையும் வளைத்தான், ஓடைப் பக்கமாக வீசினான். பிறகு என்னிடம் வந்தான். முகத்தைத் தொடவில்லை, கெட்டிக்காரன். முதுகு, விலா, கை. நான் தரையில் கிடந்தேன். பெல்ட்டின் கொக்கி படும்போதெல்லாம் எண்ணாமல் இருக்க என்னென்னவோ நினைத்தேன். இவன் செத்துப் போகட்டும். மாதாவே, கப்பலில் இருந்து ஒரு மூட்டை இவன் தலையில் விழட்டும். இப்படித்தான் ஜெபம் பண்ணினேன். மனசார.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்லப் போவதில்லை.

மார்ச் 22, சனி

கக்கூசுக்குத் தவழ்ந்து போனேன். வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கரீமா வந்தாள். புதுப் பாதை வழியாகவே கடையிலிருந்து நடந்து வந்தாளாம். "ஏன் அக்கா ஆளையே காணோம்?" என்று சிரித்தபடி வந்தவள், நான் தரையில் நகர்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். முதுகுத் துணியை அவளாகவே தூக்கிப் பார்த்தாள்.

"இது விழுந்த காயம் இல்லக்கா."

யாரும் இதுவரை சொல்லாத வார்த்தை. நான் தலையாட்டினேன்.

"அல்லாஹ்வே... இப்பவே வாங்க, நான் தாங்கிப் புடிச்சிக்கறேன்."

"வேண்டாம்டி. ரகசியமாப் போனா ஓடிப்போனவள்னு சொல்லுவான். ஊரும் நம்பும். அந்த ஓவர்சியரே நம்பலியே."

"அப்ப என்ன செய்யணும்?"

"எல்லாரும் பாக்க நடக்கணும்."

அவள் வாப்பா மவுத்தான பிறகு அவருடைய வாக்கர் கடையில் சும்மா கிடக்கிறதாம். திறப்பு விழாவுக்குக் கொண்டுவருவாள்.

ஏப்ரல் 12, சனி

கரீமா கடைப் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாய்க்குள் இன்னும் அவன் ரத்த ருசி. கொப்பளித்தாலும் போகவில்லை.

கோவில் முற்றத்தில் விழா. அவன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். மைக், சாமியானா, பெரிய ஆபீசர். அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். யாரோ சொன்னார்கள், கடைசியாக ஒருதடவை வியாகுலம் சம்சாரத்தைத் தூக்கிக்கொண்டு புதுப் பாதையில் நடக்கட்டும், போட்டோ நன்றாக வரும் என்று. கைதட்டல். பொன்னாடையோடு தூக்கினான்.

"எறக்கி விடுங்க. நான் நடக்கேன்" என்றேன். மைக்குக்குப் பக்கத்தில்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்டது. சிரித்தார்கள். வெட்கப்படுகிறேனாம்!

அவன் தொடையை நெரித்தான். பல்லைக் காட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வீட்டுக்கு வா. இன்னிக்கு மத்த காலும் போகும்" என்றான்.

அவன் காது என் வாய்க்கு நேராக இருந்தது. கடித்தேன். விடவில்லை. ஏதோ நறுக்கென்றது.

கான்கிரீட்டில் விழுந்தேன். அவனுக்கு ஊர் மறந்துபோயிற்று, ஃபாதர் மறந்துபோயிற்று. விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். "தேவடியா, ஒன்னக் கொன்னு ஓடையில போடாம விடமாட்டேன்." மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. செல்லம் அக்கா, "ஐயோ சேசுவே!" என்று அலறினாள். சந்திரசேகர்தான் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அவர் உதட்டையும் கிழித்துவிட்டான். நாலுபேர் அவனைக் கீழே அமுக்கினார்கள்.

கரீமா வாக்கரை என் முன்னால் வைத்தாள். அவள் வாப்பா உயரமானவர், எனக்கு நெஞ்சுக்கு வந்தது. பிடித்து எழுந்தேன். தாடையில் ரத்தம், அவனுடையது. நடந்தேன். ஒருத்தரும் கைதட்டவில்லை. பாலம் தாண்டி, வீடு தாண்டி, ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கி, இங்கே வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு, உயிர்ப்பு விழா

விலா எலும்பில் விரிசல். கோவிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. அவன் ஜாமீனில் வந்துவிட்டான். பாதி ஊர், "கட்டுனவன் காதக் கடிச்சவ" என்கிறது. சொல்லிட்டுப் போகட்டும்.

மே 3, சனி

ஃபாதர் வந்தார். டீ குடித்தார். "ரொம்ப மனசு நொந்து கெடக்கான்மா. இத்தன வருஷம் ஒன்னச் சுமந்தவன்."

"நாந்தான் ஃபாதர் அவரச் சுமந்தேன்" என்றேன்.

மே 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். இந்தமுறை பொய் இல்லை. முதல் மணிக்கு முன்னாலேயே கடையிலிருந்து கிளம்பினேன். கோவிலுக்குப் போகிற சனம் இப்போது இந்தப் பாதையில்தான் வருகிறது. என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்குப் பின்னால் அவன் நின்றான். காதில் கட்டு. வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். வாக்கரின் பிடி வேர்வையில் வழுக்கியது. கிட்டே போனதும், நடுப்பாதையில், அத்தனை பேருக்கும் முன்னால் திரும்பிக் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினான்.

"ஏறு, ஆக்சிலி."

சனம் நின்றுவிட்டது. செல்லம் அக்கா, "அதான் எறங்கி வந்துட்டாருல்ல, ஏறேன்டி" என்றாள்.

அவன் முதுகையே பார்த்தேன். சட்டைக்குள் தோள் எலும்பு அசைந்தது. தொடை நடுங்க ஆரம்பித்தது அவனுக்கு. திரும்பிப் பார்க்கவும் இல்லை, எழவும் இல்லை. நான் ஏறுவேன் என்றுதான் இருந்தான்.

வீல்சேரும் ஆளும் சேர்ந்து போகட்டும் என்று அகலமாகப் போட்ட பாதை. அவனைச் சுற்றிப் போக இடம் இருந்தது. போனேன்.