ஆளில்லாத அறையில் விளக்கு

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

ஆல்போர்க் நகரத்திலும் இதே மழைதானா? இங்கே வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நனைந்து வந்தார்கள். கோட்டுகளைப் போட இடமில்லாமல் உன் அறையைத் திறந்து கட்டிலில் குவித்துவிட்டோம். மன்னித்துக்கொள்.

நம் வீட்டுப் பென்னோ சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டான். பேச்சு வாங்கியது நான்.

ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணைப் பொத்தி வேண்டிக்கொண்டு, கையை எடுத்தால் திறந்துகிடந்த உன் அறையில் மேஜை விளக்கு எரிகிறது! வெளியே இன்னும் வெளிச்சம்கூடப் போகவில்லை.

"உள்ள யாரோ இருக்காங்களே, சாப்பிடக் கூப்பிடலையா?" என்றாள் புதிதாக வந்திருந்த பெண்.

"ஆள் இல்லங்க, டைமர்" என்றான் பென்னோ.

சபாத் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் சுவிட்சைத் தொடக்கூடாதென்று நீயே பொருத்தியது. நீ போன பிறகும் வெள்ளிதோறும் மூடிய கதவுக்குப் பின்னால் எரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"கதவையாவது சாத்திடட்டுமாடி?" என்று பென்னோ என் காதில் கேட்டான்.

"சும்மா இருடா, எரியட்டும்."

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, ஒரு தட்டை எடுத்து என் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். கடைசிவரை யாரும் அதை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த அறைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டுமாம். இன்று காலை டைமரைக் கழற்றத்தான் போனேன். வசந்தம் வந்துவிட்டதே, இப்போதெல்லாம் இருட்டத் தாமதமாகிறது. நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
பக்கத்து அறைக்காரி